ஸ்பெர்பேங்க் பங்கும் மூன்று வழிகளும்: பொருளாதாரத் தடைக்குள் சிக்கிய ஒரு சந்தையின் நிகழ்வு ஆய்வு

ரஷ்யாவின் மிகப்பெரிய வங்கியான ஸ்பெர்பேங்க் 2023-ல் சுமார் 1.5 லட்சம் கோடி ரூபிள் நிகர லாபம் ஈட்டியது. அதற்கு முன் எந்த ஆண்டிலும் அந்த வங்கி அவ்வளவு லாபம் பார்த்ததில்லை. பங்கு ஒன்றுக்கு 33.3 ரூபிள் டிவிடெண்ட் கொடுத்தார்கள். மாஸ்கோவில் இருக்கும் சிறு முதலீட்டாளருக்கு அந்தப் பணம் கணக்கில் வந்து விழுந்தது. உக்ரைன் போருக்கு முன் அதே பங்கை அதே விலைக்கு வாங்கிய லண்டன் ஃபண்டுக்கு ஒரு காசும் கைக்கு வரவில்லை. அந்த ஃபண்டின் கணக்குப் புத்தகத்தில் ஸ்பெர்பேங்க் பங்கின் மதிப்பு ஏற்கெனவே பூஜ்யம் ஆகியிருந்தது.

இங்கே கம்பெனி திவாலாகவில்லை, கணக்கில் மோசடி நடக்கவில்லை, தொழிலும் சரியவில்லை. ஒரு பங்கை வாங்கும் முன் நாம் பார்க்கும் பேலன்ஸ் ஷீட், பி.இ. விகிதம் (பங்கின் விலை அதன் ஆண்டு வருவாயைப் போல எத்தனை மடங்கு என்பது), டிவிடெண்ட் வரலாறு எல்லாவற்றையும் ஒருவர் ஒழுங்காகப் பார்த்து, எல்லாவற்றையும் சரியாகவே கணித்திருந்தாலும் அவர் போட்ட பணம் முழுசாகப் போயிருக்கும். அறுந்தது பங்குக்கும் அவருக்கும் நடுவில் இருந்த வழி. எக்ஸ்சேஞ்ச், புரோக்கர், நமக்காகப் பங்கை வைத்துக் காக்கும் கஸ்டோடியன், பங்குகளின் உரிமைப் பதிவை வைத்திருக்கும் டெபாசிட்டரி, பணப் பரிமாற்றத்தை முடித்துவைக்கும் செட்டில்மென்ட் வங்கி என்று நீளும் அந்தச் சங்கிலியைப் பங்கு ஆராய்ச்சி அறிக்கைகள் பெரும்பாலும் தொடுவதே இல்லை. பொருளாதாரத் தடையை எதிர்கொள்ளும், அல்லது எதிர்கொள்ள வாய்ப்புள்ள ஒரு நாட்டின் சந்தையில் பணம் போடுபவருக்கு உண்மையான ஆபத்து அந்தச் சங்கிலியில்தான் இருக்கிறது. ரஷ்யச் சந்தையின் கதை அதைக் கண்ணுக்கு நேரே காட்டுகிறது.

பழைய பாடம் தவறான பாடம்

2022-ல் சிக்கியவர்களில் பலர் விவரம் தெரியாதவர்கள் அல்ல. பல ஆண்டுகளாக ரஷ்யப் பங்குகளை வாங்கி விற்றவர்கள். முன்பே ஒரு தடையைப் பார்த்தவர்கள். அதுதான் சிக்கலே.

2014 மார்ச் 3 அன்று, கிரிமியா விவகாரம் வெடித்தபோது, மாஸ்கோ குறியீடு ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடைகள் விதித்தன. ஆனால் அவை பெரும்பாலும் ஸ்பெர்பேங்க், விடிபி வங்கி, எண்ணெய் கம்பெனி ரோஸ்நெஃப்ட் போன்ற நிறுவனங்கள் மேற்கத்தியச் சந்தையில் நீண்டகாலக் கடன் வாங்குவதைத் தடுத்தவை. ஏற்கெனவே சந்தையில் புழங்கிய பங்குகளை வாங்கலாம், விற்கலாம், டிவிடெண்டை வெளியே எடுத்துப் போகலாம். அந்த டிசம்பரில் ரஷ்ய மத்திய வங்கி ஒரே இரவில் வட்டி விகிதத்தை 10.5 சதவீதத்திலிருந்து 17 சதவீதத்துக்கு உயர்த்தும் அளவுக்கு ரூபிள் சரிந்தது. அந்தக் கலவரத்தில் வாங்கியவர்கள் பிறகு நன்றாகச் சம்பாதித்தார்கள். 2016-ல் மட்டும் டாலர் கணக்கிலான ஆர்டிஎஸ் குறியீடு ஏறக்குறைய ஐம்பது சதவீதம் ஏறியது. தடை வந்தால் விலை விழும், விழுந்தால் வாங்கு, பொறுத்திருந்தால் லாபம் என்ற சூத்திரம் அங்கே பிறந்தது.

2018-ல் இன்னொரு எச்சரிக்கை வந்தது. ஏப்ரல் 6, வெள்ளிக்கிழமை, அமெரிக்கக் கருவூலம் ரஷ்யத் தொழிலதிபர் ஒலெக் டெரிபாஸ்காவையும் அவருடைய ருசால், இஎன் பிளஸ் நிறுவனங்களையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. திங்கட்கிழமை ஹாங்காங்கில் ருசால் பங்கு பாதி விலைக்கு வந்தது. அமெரிக்க முதலீட்டாளர்கள் ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் விற்று வெளியேற வேண்டும் என்று கெடு. உலகின் முன்னணி அலுமினியக் கம்பெனி ஒன்றின் பங்கு, ஒரு வார இறுதிக்குள், தொட்டால் சட்டச் சிக்கல் என்ற நிலைக்குப் போனது. பிறகு கெடு தள்ளிப்போனது, டெரிபாஸ்கா தன் பங்கைக் குறைத்தார், 2019 ஜனவரியில் தடையும் நீங்கியது. சந்தை இதிலிருந்து நினைவில் வைத்துக்கொண்டது விலை மீண்டதை மட்டும். ஒரு கையெழுத்தில் ஒரு பங்கு விற்க முடியாத பொருளாக மாறும் என்பதை யாரும் தங்கள் கணக்கில் ஏற்றவில்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், இன்றும் தடைக்குள்ளான சந்தைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதே 2016 லாபத்தைத்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறார்கள்.

2021 அக்டோபரில் மாஸ்கோ குறியீடு 4,200 புள்ளிகளைத் தாண்டி உச்சம் தொட்டது. எல்லையில் படைகள் குவியத் தொடங்கியதும் இறங்கியது. பி.இ. ஏற்கெனவே மிகக் குறைவு, டிவிடெண்ட் வருவாயோ மிக அதிகம். இறங்க இறங்க வாங்கியவர்கள் ஏராளம்.

ஒரு மாதம்

2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது ரஷ்யாவின் படையெடுப்பு தொடங்கியது. மாஸ்கோ குறியீடு ஒரே நாளில் 33 சதவீதம் சரிந்து 2,058-ல் முடிந்தது. மறுநாள் வெள்ளி, ஏறத்தாழ 20 சதவீதம் மீண்டது. வெளியேற நினைத்த வெளிநாட்டினருக்கு மாஸ்கோவில் விற்கக் கிடைத்த கடைசி நாள் அதுதான். அன்று அது யாருக்கும் தெரியாது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் அந்த ஏற்றத்தைப் பார்த்து, திங்கட்கிழமை இன்னும் நல்ல விலை கிடைக்கும் என்று காத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை சந்தை திறக்கவேயில்லை. சனி, ஞாயிறுக்குள் மேற்கு நாடுகள் ரஷ்ய மத்திய வங்கியின் வெளிநாட்டுக் கையிருப்பில் சுமார் 30,000 கோடி டாலரை முடக்கப்போவதாக அறிவித்திருந்தன. முக்கிய ரஷ்ய வங்கிகளை வங்கிகள் பணப் பரிமாற்றச் செய்திகளை அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பிலிருந்து நீக்கப்போவதாகவும் அறிவித்திருந்தன. பதிலுக்கு பிப்ரவரி 28 அன்று ரஷ்ய மத்திய வங்கி வட்டியை 9.5 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக்கியது. வெளிநாட்டினர் கொடுக்கும் விற்பனை ஆர்டர்களை நிறைவேற்றக் கூடாது என்று புரோக்கர்களுக்கு உத்தரவு போட்டது. இந்த உத்தரவைக் கவனமாகப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு முதலீட்டாளரை உள்ளே பூட்டியது முதலில் தடை விதித்த நாடுகள் அல்ல, தடைக்கு உள்ளான நாடு. பொருளாதாரத் தடை என்றதும் வாஷிங்டனையும் பிரஸ்ஸல்ஸையும் மட்டும் பார்ப்பவர்கள் பாதிப் படத்தைத்தான் பார்க்கிறார்கள். தடைக்கு எதிர்த்தடை வரும். அந்த எதிர்த்தடைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது அந்நாட்டுக்குள் கிடக்கும் வெளிநாட்டினரின் பங்குகள்தான்.

பங்குச்சந்தை மார்ச் 24 வரை மூடியே கிடந்தது. திறந்தபோது 33 பங்குகளுக்கு மட்டும் அனுமதி, ஷார்ட் விற்பனைக்கு (விலை விழும் என்று எண்ணிக் கடன் வாங்கிய பங்கை விற்பதற்கு) தடை, வெளிநாட்டினருக்கு விற்பனைத் தடை. அன்று குறியீடு 4 சதவீதத்துக்கு மேல் ஏறியது. விற்கக்கூடியவர்களில் பெரும்பாலானோரை வெளியே நிறுத்திவிட்டு நடத்திய வர்த்தகத்தில் வந்த விலை அது. அதை வைத்து வெளிநாட்டு முதலீட்டாளர் தன் பங்கின் மதிப்பைக் கணக்குப் போடுவதில் அர்த்தமில்லை.

ஒரே பங்கு, மூன்று வழிகள்

ஸ்பெர்பேங்க்கை 2022-க்கு முன் ஒரு வெளிநாட்டவர் முக்கியமாக மூன்று வழிகளில் வைத்திருக்கலாம். மூன்றும் மூன்று விதமாக முடிந்தன.

முதல் வழி, மாஸ்கோவில் நேரடியாகப் பங்கு வாங்கி, அங்குள்ள கஸ்டோடியன் மூலம் தேசிய செட்டில்மென்ட் டெபாசிட்டரியில் வைத்திருப்பது. இவர்களுடைய பங்கு அழியவில்லை. பெயர் பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் 2022 மார்ச்சில் வந்த அதிபர் ஆணைகள் தடை விதித்த நாடுகளை ‘நட்பற்ற நாடுகள்’ என்று வகைப்படுத்தின. அந்த நாடுகளைச் சேர்ந்தவர் பங்கை விற்க அரசின் சிறப்பு அனுமதி தேவை. டிவிடெண்ட், ‘சி’ வகைக் கணக்கு என்ற தனிக் கணக்கில் ரூபிளில் சேரும். அந்தப் பணத்தை நாட்டுக்கு வெளியே எடுக்க முடியாது. வரி கட்டலாம், கட்டணம் செலுத்தலாம், ரஷ்ய அரசுக் கடன் பத்திரம் வாங்கலாம். கம்பெனி டிவிடெண்டைக் கூட்டக் கூட்ட, பூட்டிய பெட்டிக்குள் தொகை கூடுகிறது.

இரண்டாம் வழி, லண்டனில் வர்த்தகமான ஜிடிஆர், அதாவது மாஸ்கோ பங்கை ஈடாக வைத்து ஒரு வங்கி வெளியிடும் டெபாசிட்டரி ரசீது. ஒரு ரசீது நான்கு ஸ்பெர்பேங்க் பங்குகளுக்குச் சமம். மாஸ்கோவில் எதுவானாலும் நம் காகிதம் லண்டனில் இருக்கிறது, பவுண்டும் டாலரும் புழங்கும் இடத்தில் இருக்கிறது என்ற தைரியத்தில் பலர் இதைத்தான் விரும்பி வாங்கினார்கள். மார்ச் 2 அன்று அந்த ரசீது ஒரு சென்ட் வரை இறங்கியது. இதை மாஸ்கோ விலையோடு ஒட்டிப் பார்த்தால்தான் என்ன நடந்தது என்று புரியும். மாஸ்கோவில் கடைசியாக வர்த்தகமான பிப்ரவரி 25 அன்று ஸ்பெர்பேங்க் பங்கு நூறு ரூபிளுக்கு மேல். நான்கு பங்குக்கு நானூறு ரூபிளுக்கு மேல் வருகிறது. டாலருக்கு நூறு ரூபிளை ஒட்டிய மார்ச் 2-ன் மாற்று விகிதத்தில் நான்கு டாலர் அளவு. அதே நான்கு பங்குக்கான ரசீது லண்டனில் ஒரு சென்ட். இந்த இடைவெளி வங்கியின் மதிப்பைப் பற்றிய கருத்து வேறுபாடு அல்ல. ரசீதைப் பங்காக மாற்றவும், பங்கை விற்கவும், விற்ற பணத்தைக் கொண்டுவரவும் முடியுமா என்ற கேள்விக்குச் சந்தை கொடுத்த விலை அது. மறுநாள் மார்ச் 3 அன்று லண்டன் பங்குச்சந்தை இருபதுக்கும் மேற்பட்ட ரஷ்ய ரசீதுகளின் வர்த்தகத்தை நிறுத்தியது.

ரசீதுக்காரர்களின் கதை அதோடு முடியவில்லை. ரஷ்யா 2022 ஏப்ரலில் ஒரு சட்டம் போட்டு, தன் கம்பெனிகள் வெளிநாட்டில் வைத்திருந்த டெபாசிட்டரி ரசீது ஏற்பாடுகளை முடித்துக்கொள்ளச் சொன்னது. ரசீதைக் கொடுத்து மாஸ்கோ பங்காக மாற்றிக்கொள்ளலாம் என்பது ஏட்டில் உள்ள உரிமை. நடைமுறையில் மாற்ற வேண்டிய வங்கி ஒரு பக்கம், பங்கு கிடக்கும் டெபாசிட்டரி இன்னொரு பக்கம். அந்த டெபாசிட்டரி மீதே 2022 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. இதற்கிடையில், மேற்கத்திய டெபாசிட்டரி வங்கிகளைக் கேட்காமலேயே ரசீதுகளைப் பங்காக மாற்ற ரஷ்யா சில முதலீட்டாளர்களுக்கு வழி திறந்தது. 2023 ஜூனில் டாய்ச்ச வங்கி தன் வாடிக்கையாளர்களிடம், சில ரஷ்யக் கம்பெனிகளின் ரசீதுகளுக்கு ஈடாக இருக்க வேண்டிய பங்குகளில் ஒரு பகுதி மாஸ்கோவில் குறைகிறது, எல்லோருக்கும் முழுப் பங்கும் கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று தெரிவித்தது. ஏரோஃப்ளோட், நோவோலிபெட்ஸ்க் ஸ்டீல் போன்றவை அந்தப் பட்டியலில் இருந்தன. உங்கள் நகை வங்கி லாக்கரில் பத்திரமாக இருக்கிறது என்று ரசீது கையில் வைத்திருக்கிறீர்கள். லாக்கரைத் திறந்து பார்த்த வங்கி, கொஞ்சம் குறைகிறது என்கிறது. இந்த ஒரு சம்பவத்துக்காகவே ஜிடிஆர், ஏடிஆர் (அமெரிக்காவில் வர்த்தகமாகும் அதே வகை ரசீது) பற்றிய பொது நம்பிக்கையை மறுபரிசீலனை செய்ய வேண்டும். ரசீது வர்த்தகமாகும் ஊரின் சட்டம் ரசீதுக்குத்தான் பாதுகாப்பு. ரசீதுக்கு அடியில் உள்ள பங்கு எந்த ஊரில் கிடக்கிறதோ அந்த ஊர்ச் சட்டம்தான் கடைசி வார்த்தை சொல்லும்.

மூன்றாம் வழி, ஒரு குறியீட்டில் உள்ள பங்குகளை மொத்தமாக வாங்கி வைக்கும் ஈடிஎஃப், இண்டெக்ஸ் ஃபண்ட். இதில் இருந்தவர்களில் பலருக்குத் தாங்கள் ஸ்பெர்பேங்க் வைத்திருப்பதே தெரியாது. 2022 தொடக்கத்தில், குறியீடுகளைத் தயாரிக்கும் எம்எஸ்சிஐ நிறுவனத்தின் வளரும் சந்தைகள் குறியீட்டில் ரஷ்யாவின் பங்கு 3 சதவீதத்தை ஒட்டி இருந்தது. மார்ச் 2 அன்று எம்எஸ்சிஐ, ரஷ்யப் பங்குகளை மார்ச் 9 முடிவில் நீக்கப்போவதாகவும், நீக்கும் விலை நடைமுறையில் பூஜ்யம் என்றும் அறிவித்தது. இன்னொரு குறியீட்டு நிறுவனமான எஃப்டிஎஸ்ஈ ரஸ்ஸலும் அதையே செய்தது. வழக்கமாக ஒரு பங்கு குறியீட்டிலிருந்து போனால் அன்றைய சந்தை விலையில் விற்றுவிட்டு நகர்வார்கள். இங்கே சந்தையே இல்லாததால் விற்காமலே பூஜ்யம் எழுதினார்கள். பரவலான குறியீட்டு ஃபண்டில் இருந்தவருக்கு நஷ்டம் மூன்று சதவீதத்தோடு போனது. மூன்று வழிகளில் இதுதான் குறைந்த வலி, காரணம் அளவு சிறியது என்பது மட்டுமே.

ரஷ்யாவை மட்டுமே வைத்திருந்த ஈடிஎஃப்களில் கதை வேறு. அமெரிக்காவில் வர்த்தகமான வான்எக் ரஷ்யா ஈடிஎஃப், ஐஷேர்ஸ் எம்எஸ்சிஐ ரஷ்யா ஈடிஎஃப் இரண்டும் மார்ச் 4 அன்று நிறுத்தப்பட்டன. பின்னர் மூடிக் கலைக்கப்பட்டன. அடியில் உள்ள மாஸ்கோ சந்தை மூடிய பிறகும் சில நாட்கள் இந்த யூனிட்டுகள் நியூயார்க்கில் கைமாறிக்கொண்டிருந்தன என்பதை மறக்கக் கூடாது. அந்த நாட்களில் வாங்கியவர்கள் வாங்கியது பங்கின் மதிப்பை அல்ல, மற்றவரின் யூகத்தை. விலை விழும் என்று சரியாகக் கணித்து ஷார்ட் போனவர்களுக்கும் நிம்மதி இல்லை. வர்த்தகம் நின்றதும் அவர்களால் கணக்கை முடிக்க முடியவில்லை, கடன் வாங்கிய யூனிட்டுகளுக்குக் கட்டணம் ஓடிக்கொண்டிருந்தது. திசையைச் சரியாகச் சொன்னவரையும் விடாத சந்தை இது.

பெரியவர்களும் விலக்கல்ல

உலகின் மிகப்பெரிய அரசு முதலீட்டு நிதி நார்வேயுடையது. 2021 முடிவில் அதனிடம் சுமார் 2,500 கோடி குரோனர் மதிப்புள்ள ரஷ்யச் சொத்துகள் இருந்தன. படையெடுப்பு தொடங்கி மூன்றே நாளில், ரஷ்யாவிலிருந்து முழுதாக வெளியேறுவோம் என்று நார்வே அரசு அறிவித்தது. மார்ச் முதல் வாரத்தில் அந்தச் சொத்தின் மதிப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிட்டதாக நிதியின் தலைமை சொன்னது. வெளியேறுவோம் என்ற முடிவை எடுத்த பிறகும் வெளியேற முடியவில்லை. இவ்வளவு பெரிய நிதியிடம் ஆராய்ச்சிக் குழு உண்டு, சட்ட வல்லுநர்கள் உண்டு, எந்த வங்கியிடமும் நேரடியாகப் பேசும் செல்வாக்கு உண்டு. அவர்களுக்கு இல்லாத கதவு சில்லறை முதலீட்டாளருக்குத் திறந்திருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

நட்பு நாடு என்றால் தப்பிக்கலாமா? இந்தியாவை ரஷ்யா ‘நட்பற்ற’ பட்டியலில் சேர்க்கவில்லை. ஓஎன்ஜிசி விதேஷ், இந்தியன் ஆயில், ஆயில் இந்தியா, பாரத் பெட்ரோலியத்தின் துணை நிறுவனம் ஆகியவை வான்கோர், தாஸ்-யூரியாக் எண்ணெய் வயல்களில் பங்கு வைத்திருக்கின்றன. அவற்றுக்குச் சேர வேண்டிய டிவிடெண்ட் ரஷ்யாவில் ஒழுங்காகவே வழங்கப்பட்டது. ஆனால் வங்கி வழிகள் அடைபட்டதால் பல கோடி டாலர் மாஸ்கோவில் உள்ள வங்கிக் கணக்கிலேயே தேங்கியது. பட்டியலில் இல்லாததால் சட்டம் தடுக்கவில்லை. பணம் வரும் குழாய்தான் அடைத்துக்கொண்டது.

எதிர்த்திசையில் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அது எனக்கு நியாயமாகப் படவில்லை. தங்கள் சேமிப்பை ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் பங்குகளில் போட்ட சாதாரண ரஷ்யர்கள் இவர்கள். அவர்கள் வாங்கிய கம்பெனிகள் எந்தத் தடையிலும் இல்லை. ஆனால் அந்தப் பங்குகள் ரஷ்ய டெபாசிட்டரி வழியாக, பெல்ஜியத்தில் உள்ள யூரோக்ளியர் என்ற டெபாசிட்டரியில் பதிவாகியிருந்தன. அந்த இணைப்பு அறுந்ததும் பங்குகள் முடங்கின. ரஷ்ய முதலீட்டாளர்களின் சுமார் 5.7 லட்சம் கோடி ரூபிள் மதிப்புள்ள சொத்து இப்படி முடங்கியதாக ரஷ்ய மத்திய வங்கியே மதிப்பிட்டது. ஆபத்து பங்கில் இருக்கிறதா, சங்கிலியில் இருக்கிறதா என்று இன்னும் சந்தேகம் உள்ளவர்கள் இந்த உதாரணத்தைப் பார்க்கலாம். ஆப்பிள் பங்கு 2022-ல் இறங்கினாலும் பிறகு மீண்டு ஏறியது.

மீண்டு வந்தவர்கள்

யாண்டெக்ஸைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு ஒருதலைப்பட்சமாகிவிடும். ரஷ்யாவின் தேடுபொறி நிறுவனம், ஆனால் தாய் நிறுவனம் நெதர்லாந்தில் பதிவானது, பங்கு நாஸ்டாக்கில். 2022 பிப்ரவரி 28 அன்று வர்த்தகம் நின்றது. 2023-ல் நாஸ்டாக் அதைப் பட்டியலிலிருந்தே நீக்க முடிவெடுத்தது; நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2024 ஜூலையில் ரஷ்யத் தொழிலை சுமார் 47,500 கோடி ரூபிளுக்கு ரஷ்ய முதலீட்டாளர்களிடம் விற்று முடித்தார்கள். வெளிநாட்டவர் வெளியேறும்போது சந்தை மதிப்பில் பாதியாவது தள்ளுபடி தர வேண்டும் என்பது அப்போது ரஷ்ய அரசின் நிபந்தனை. மிஞ்சிய கிளவுட், ஏ.ஐ. தொழில்களோடு தாய் நிறுவனம் நெபியஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு 2024 அக்டோபர் 21 அன்று மீண்டும் வர்த்தகத்துக்கு வந்தது. ஏ.ஐ. அலையில் பங்கு நன்றாகவே ஏறியது.

இதை வைத்து, பார்த்தாயா, பொறுத்தவர் பூமி ஆண்டார் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பொறுத்திருந்தது யாருடைய தேர்வும் அல்ல, விற்க வழியில்லாத கட்டாயம். இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் பணம் தேவைப்பட்டாலும் எடுக்க முடியாது. வாங்கியது ஒரு ரஷ்யத் தேடுபொறி, கிடைத்தது ஒரு டேட்டா சென்டர் கம்பெனி. எல்லாவற்றுக்கும் மேலாக, தாய் நிறுவனம் ரஷ்யாவுக்கு வெளியே இருந்ததால்தான் மீட்க ஏதாவது இருந்தது. பதிவு வெளியே இருந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. லண்டனின் முதல் நூறு நிறுவனங்களில் ஒன்றாக இருந்த எஃகு நிறுவனம் எவ்ராஸ், பெரிய பங்குதாரர் ரோமன் அப்ரமோவிச் மீது பிரிட்டன் 2022 மார்ச் 10 அன்று தடை விதித்ததும் அதே நாளில் வர்த்தகம் நிறுத்தப்பட்டது.

2021 ஜனவரியில் சைனா மொபைல், சைனா டெலிகாம், சைனா யூனிகாம் மூன்றையும் நியூயார்க் பங்குச்சந்தை அமெரிக்க அரசாணைப்படி நீக்கியபோது நிலைமை வேறு மாதிரி இருந்தது. நீக்குகிறோம், இல்லை, நீக்குகிறோம் என்று ஒரு வாரத்துக்குள் முடிவு இரண்டு முறை மாறி முதலீட்டாளர்களைக் குழப்பியது உண்மைதான். ஆனால் ஹாங்காங்கில் அதே பங்குகள் வர்த்தகமாயின, ரசீதை அங்குள்ள பங்காக மாற்றும் வழியும் செட்டில்மென்ட் இணைப்பும் திறந்திருந்தன. விலை அடி வாங்கியது, சொத்து தொலையவில்லை. தடையின் கடுமையைவிட, இரண்டாவது கதவு ஒன்று இருக்கிறதா என்பதுதான் இந்த இரண்டு கதைகளின் முடிவையும் பிரித்தது.

சந்தை மூடாமலே நஷ்டம்

ஈரானும் வெனிசுலாவும் வேறு ரகம். தெஹ்ரான் குறியீடு 2020 மார்ச்சில் சுமார் 5 லட்சத்திலிருந்து ஆகஸ்டில் 20 லட்சத்தைத் தாண்டியது; ஓராண்டுக்குள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. தடையால் வெளியே போக வழியில்லாத உள்நாட்டுப் பணம், பணவீக்கத்துக்குப் பயந்து பங்குக்குள் ஓடியதில் வந்த ஏற்றம் அது. ரியாலில் நாலு மடங்கு என்பதை டாலரில் போட்டுப் பார்த்தால் பாதிக் கவர்ச்சி போய்விடும். தவிர, 2016-ல் அணு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும் ஈரானுக்குள் ஆர்வத்தோடு நுழைந்த ஐரோப்பியர்களுக்கு, 2018 மே மாதம் அமெரிக்கா ஒப்பந்தத்திலிருந்து விலகியதும் நிலைமை தலைகீழானது. தடை நீங்கும் என்ற நம்பிக்கையில் வாங்குபவர், நீங்கிய தடை திரும்பும் ஆபத்தையும் சேர்த்தே வாங்குகிறார்.

வெனிசுலாவில் 2019 தொடக்கத்தில் அமெரிக்கா, தன் குடிமக்கள் அந்நாட்டுக் கடன் பத்திரங்களை விற்கலாம், வாங்கக் கூடாது என்றது. எல்லோரும் விற்கலாம், வாங்குவோர் வட்டம் சுருங்கிவிட்டது என்றால் விலை என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. 2023 அக்டோபரில் அந்தத் தடையை எடுத்ததும் பத்திரங்கள் சட்டென ஏறின. நடுவில் விற்கக் கட்டாயம் வந்தவர்களுக்கு அது உதவவில்லை.

மலிவுக்கு ஒரு கணக்கு

இவ்வளவு மலிவான பங்கில் ஆபத்து ஏற்கெனவே விலைக்குள் இருக்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, கணக்காகவே போட்டுப் பார்ப்போம். பி.இ. 5 என்றால் ஆண்டுக்கு 20 சதவீதம் வருவாய் என்று எடுத்துக்கொள்வோம். ஓர் ஆண்டில் எல்லாம் முடங்கிப் பூஜ்யமாகும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்றால், சராசரி எதிர்பார்ப்பு 0.9 × 1.20 = 1.08, அதாவது 8 சதவீதம். வருவாய் 12 சதவீதமாக இருந்தால் அதே கணக்கில் ஒரு சதவீதம்கூட மிஞ்சாது. இருபது சதவீதம் என்று கண்ணைப் பறித்த பங்கு, ஆபத்தைக் கழித்தால் சாதாரணப் பங்காகிவிடுகிறது.

கணக்கு சொல்லாத இன்னொன்று உண்டு. வங்கி, எண்ணெய், உரம், இரும்பு என்று ரஷ்யாவுக்குள் பத்துத் துறைகளில் பிரித்துப் போட்டிருந்தவருக்கு பத்தும் ஒரே நாளில் முடங்கின. ஒரு கம்பெனி தவறினால் இன்னொன்று தாங்கும் என்ற பரவலாக்கம், நாட்டின் எல்லைக்குள் வேலை செய்யாது. அதனால் இப்படிப்பட்ட ஒரு நாட்டில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும், அளவைத் தீர்மானிக்கும்போது எல்லாவற்றையும் ஒரே பங்காக நினைப்பதுதான் சரி. முழுத்தொகையும் பூஜ்யமானாலும் வாழ்க்கைத் திட்டம் அசையாது என்ற அளவுக்கு மேல் போகக் கூடாது. விலை ஓர் அளவுக்குக் கீழே போனால் தானாக விற்கச் சொல்லும் ஸ்டாப் லாஸ் ஆர்டர் இங்கே கைகொடுக்காது. திறக்காத சந்தையில் எந்த ஆர்டரும் நிறைவேறாது.

பணம் போடுமுன் புரோக்கரிடம் கேட்க வேண்டியது: இந்தப் பங்கு கடைசியில் எந்த நாட்டு டெபாசிட்டரியில், யார் பெயரில் பதிவாகிறது? அந்த டெபாசிட்டரிக்கும் என் கணக்குக்கும் நடுவில் எத்தனை நிறுவனங்கள், அவை எந்தெந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை? ரசீது என்றால், மாற்றும் ஏற்பாடு நின்றால் எனக்கு என்ன உரிமை? ஃபண்ட் என்றால், சந்தை மூடியிருக்கும்போது மதிப்பை யார், எப்படி நிர்ணயிப்பார்கள்? பெரும்பாலான வாடிக்கையாளர் சேவை ஊழியர்களுக்கு முதல் கேள்விக்கே பதில் தெரியாது. எழுத்தில் கேளுங்கள், பதில் வராவிட்டால் அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள். சட்டப் பக்கமும் இருக்கிறது. 2022 ஜூனில் அமெரிக்கா, ரஷ்ய நிறுவனங்களின் பழைய பங்குகளைச் சந்தையில் வாங்குவதும் புதிய முதலீடு என்று கருதித் தன் குடிமக்களுக்குத் தடுத்தது. அடிமட்ட விலை என்று தேடிப் போய் வாங்குவது சில நாட்டவருக்குக் குற்றமாகவே முடியும். வரி விஷயத்திலும் விற்காத பங்கின் நஷ்டத்தை எல்லா நாட்டு வரித்துறையும் ஏற்பதில்லை.

2024 ஜூன் 12 அன்று அமெரிக்கா மாஸ்கோ எக்ஸ்சேஞ்ச் மீதே தடை விதித்தது; மறுநாளே அங்கு டாலர், யூரோ வர்த்தகம் நின்றது. 2025 மார்ச்சில் அதிபர் புதின், 683 கேபிடல் பார்ட்னர்ஸ் என்ற அமெரிக்க ஹெட்ஜ் ஃபண்ட், சிக்கிக்கிடந்த சில மேற்கத்திய ஃபண்டுகளிடமிருந்து ரஷ்யப் பங்குகளை வாங்கிக்கொள்ளத் தனி ஆணையில் அனுமதி கொடுத்தார். பெயர் குறிப்பிட்ட ஒரு நிறுவனத்துக்கு, பெயர் குறிப்பிட்ட விற்பனையாளர்களிடமிருந்து மட்டும் வாங்க அனுமதி. இன்றைக்கு ரஷ்யப் பங்கிலிருந்து வெளியேறும் வழி இந்த அளவில்தான் இருக்கிறது. முடக்கிய மத்திய வங்கிப் பணத்தை என்ன செய்வது என்று 2025-ல் ஐரோப்பா விவாதித்தது. பதிலடிக்கு ரஷ்யாவின் கையில் இருப்பவற்றில் ‘சி’ வகைக் கணக்குகளும் அடக்கம். ஸ்பெர்பேங்க் 2024-ம் ஆண்டுக்கு டிவிடெண்டை இன்னும் உயர்த்தி, பங்குக்கு 34.84 ரூபிள் கொடுத்தது. ‘நட்பற்ற’ நாட்டுப் பங்குதாரருக்கு உரியதும் வழங்கப்பட்டது, அதே ‘சி’ வகைக் கணக்கில்.